பூட்டிக்கொள்ளாத சக்கரமும் அதை நிறுத்தி வைக்கும் ஸ்விட்சும்

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஓடுகிற வண்டியின் சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் நம் பார்க்கிங்கில் நிற்கும் புதிய கார்களிலும் பெரிய பைக்குகளிலும் ஏபிஎஸ் என்ற கருவி இருக்கிறது.

லீவு விட்டால் சிறுமலை, தாண்டிக்குடி, கொடைக்கானல் என்று நம்மில் பலர் கிளம்பிவிடுகிறோம். மணாலி, லடாக் வரை வண்டியிலேயே போய்வர நினைக்கும் இளைஞர்களும் உண்டு. அவர்கள் காதில் அடிக்கடி விழும் யோசனை ஒன்று: “மண் பாதைக்கும் பனிக்கும் ஏபிஎஸ் சரிப்படாது, ஃபியூஸைக் கழற்றிவிடு.” இதில் பாதி உண்மை. எது அந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, இந்தக் கருவி வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆகாயத்திலிருந்து சாலைக்கு

பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். வண்டி நிற்காது, டயர் தேய்ந்தபடி சறுக்கிக்கொண்டு போகும். சறுக்கும் டயருக்குப் பிடிமானம் குறைவு. அதைவிட மோசம், அந்த நிலையில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி திரும்பாது. சக்கரம் நிற்கிற நிலைக்குச் சற்று முன்னால், கொஞ்சம் சுற்றியும் கொஞ்சம் சறுக்கியும் போகும்போதுதான் தார்ச் சாலையில் பிடிமானம் மிக அதிகம்.

இந்தத் தொல்லையை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் விமானக்காரர்கள். ஈரமான ஓடுதளத்தில் இறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் வெடிக்கும், விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் போய்விடும். பிரிட்டனின் டன்லப் நிறுவனம் ‘மேக்ஸாரெட்’ என்ற கருவியைச் செய்தது. 1950-களில் பல விமானங்களில் அது பொருத்தப்பட்டது.

அதன்பின் நடந்ததில் நம் மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1958-ல் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் இதே மேக்ஸாரெட்டை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தது. அந்த வண்டி ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர். வழுக்கும் பரப்பில், சக்கரம் பூட்டிச் சறுக்கும்போது ஆகும் தூரத்தைவிட 30 சதவீதம் வரை குறைவான தூரத்தில் வண்டி நின்றது. ஆனால் கம்பெனியின் தொழில்நுட்ப இயக்குநர் டோனி வில்சன் ஜோன்ஸ், இதற்கு எதிர்காலம் இருப்பதாக நினைக்கவில்லை. திட்டம் அதோடு நின்றது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1955-ல்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த பிரிட்டிஷ் கம்பெனியுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியிருந்தது. சென்னையில் தயாராகி இந்தியாவில் விற்கப்படும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் ஏபிஎஸ் வந்தது 2018-ல். நடுவில் அறுபது வருடம் போய்விட்டது.

கார்களில் இது சீக்கிரமே வந்தது. 1966-ல் பிரிட்டனின் ஜென்சன் எஃப்எஃப் காரில் மேக்ஸாரெட் இருந்தது. 1971-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் மின்னணு முறையைக் கொண்டுவந்தது. 1978-ல் பாஷ் நிறுவனத்தின் டிஜிட்டல் ஏபிஎஸ்ஸை மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸில் பொருத்தினார்கள். இன்று நம் வண்டிகளில் இருப்பது அதன் வாரிசுதான். சக்கரத்தின் வேகத்தை சென்சார் அளக்கிறது. சக்கரம் திடீரென்று நிற்கப் போவது தெரிந்தால் பிரேக் அழுத்தத்தை ஒரு கணம் விட்டு, மறுபடி கொடுக்கிறது. ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கும். பெடலில் நம் கால் உணரும் ‘டகடக’ அதிர்வு இதுதான்.

ஸ்விட்ச் ஏன் வந்தது?

தார்ச் சாலைக்குப் பொருந்தும் கணக்கு மணலுக்கும் ஜல்லிக்கும் புதுப் பனிக்கும் பொருந்துவதில்லை. இவற்றில் சக்கரம் பூட்டிக்கொண்டால் அது கொஞ்சம் உள்ளே புதையும். டயருக்கு முன்னால் மண்ணோ பனியோ குவியலாகச் சேர்ந்து, கட்டை வைத்த மாதிரி வண்டியைத் தடுக்கும். மலைச் சரிவில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் கல்லைப் போடுவதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே இருப்பதால் இந்தக் குவியல் சேராது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 1990-களின் கடைசியில் நடத்திய சோதனைகளில் பெரும்பாலான பரப்புகளில் ஏபிஎஸ் வண்டிகள் சீக்கிரம் நின்றன. உதிரி ஜல்லியில் மட்டும் சராசரியாக 27 சதவீதம் அதிக தூரம் ஓடின.

கார் செய்தவர்களுக்கும் இது முன்பே தெரியும். 1980-களில் வந்த ஆடி குவாட்ரோவில் ஏபிஎஸ்ஸை நிறுத்த டாஷ்போர்டிலேயே ஒரு ஸ்விட்ச் இருந்தது. மெர்சிடிஸ் ஜி கிளாஸ் ஜீப்பில் டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டால் ஏபிஎஸ் தானாக நின்றுவிடும். சக்கரங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும்போது தனித்தனி வேகத்தை அளப்பதில் பொருளில்லை என்பது காரணம். 2004-ல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-ல் வேறு வழி கண்டார்கள். மணல், சேறு, பனி என்று ஓட்டுநர் தேர்ந்தெடுத்தால் பரப்புக்கு ஏற்றபடி வண்டியே நடந்துகொள்ளும். அதன் பிறகு ஏபிஎஸ்ஸை முழுக்க நிறுத்தும் தேவை குறைந்தது.

நம் நாட்டில் 2015-ல் கனரக வாகனங்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில் புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் முதலும் கட்டாயம். கார்களுக்கும் அதே காலத்தில்தான் வந்தது. உடனே மலையேறும் பைக்காரர்களிடமிருந்து கரடு முரடான பாதையில் பின் சக்கரம் கட்டுக்குள் இருப்பதில்லை என்ற குறை எழுந்தது. 2020 ஜனவரியில் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் கம்பெனியே ஸ்விட்ச் கொடுத்தது. அதிலும் நிறுத்த முடிவது பின் சக்கரத்தின் ஏபிஎஸ்ஸை மட்டும்தான். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் பைக் கவிழ்ந்துவிடும் என்பதால் முன் பக்கத்தில் கை வைக்கவில்லை.

ஃபியூஸும் ஸ்விட்சும் ஒன்றல்ல

கம்பெனி கொடுக்கும் ஸ்விட்ச், எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று யோசித்து வைத்தது. ஃபியூஸுக்கு அந்த யோசனை கிடையாது. இன்றைய காரில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றினால் ஏபிஎஸ் மட்டும் போகாது. முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிட்டுத் தரும் இபிடியும் போகும், வண்டி சுழலாமல் காக்கும் இஎஸ்பியும் போகும். இபிடி இல்லாமல் ஓங்கிப் பிரேக் பிடித்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது எடை முழுவதும் முன்னால் சாய்ந்திருக்கும், பின் பக்கம் லேசாக இருக்கும். மழை ஈரத்தில், வளைவில் அப்படி நடந்தால் வண்டி சுழன்றுவிடும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சிறுமலைக்குப் போகும் வழியில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச் சாலைதான். மண் பாதை என்பது மேலே எஸ்டேட்டுக்குள் போகும் கடைசிக் கொஞ்ச தூரம். லடாக் போனாலும் நாலாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் பனியும் ஜல்லியும் ஒரு சிறு பகுதி. அந்தச் சிறு பகுதிக்காகக் கழற்றிய ஃபியூஸ், நால்வழிச் சாலையில் குறுக்கே மாடு வரும்போதும் கழற்றியபடியே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விகளுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏபிஎஸ் இருக்கிறது என்ற தைரியமும் ஆபத்துதான். 1980-களில் ஜெர்மனியின் மியூனிக்கில் டாக்ஸிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏபிஎஸ் பொருத்திக் கவனித்தார்கள். விபத்துகள் குறையவில்லை. ஏபிஎஸ் இருந்தவர்கள் இன்னும் வேகமாக, இன்னும் நெருக்கமாக ஓட்டினார்கள்.

அடுத்த பயணத்துக்கு முன்

• உங்கள் வண்டியில் ஆஃப்ரோடு மோடோ, ஏபிஎஸ் ஸ்விட்சோ இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் மண், பனிப் பாதையில் மட்டும் பயன்படுத்துங்கள். தார்ச் சாலை ஏறியதும் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று டாஷ்போர்டில் பாருங்கள்.
• அப்படி எதுவும் இல்லாவிட்டால், ஜல்லியிலும் மணலிலும் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விடுங்கள். ஏபிஎஸ் அங்கே கேட்கும் அதிகத் தூரத்தை இப்படித்தான் கொடுக்க முடியும்.
• மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் ஏபிஎஸ்ஸால் எதுவும் செய்ய முடியாது.
• அவசரத்தில் பெடல் அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள். அழுத்திப் பிடித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுங்கள்.
• ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால், பயணத்துக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

காரையோ பைக்கையோ பிள்ளைகள் எடுத்துப் போகும் வீடுகளில் இதை அவர்களிடமும் ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். ஃபியூஸைக் கழற்றும் யோசனை முதலில் வருவது அவர்களிடம்தான்.