துரை பங்களாவிலிருந்து வந்த போத்தல்



கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைச்சாரலில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறந்தவன் நான். எங்கள் அடுப்படி மூலையில் ஒரு சதுரப் போத்தல் எப்போதும் இருக்கும். அதனுள்ளே மண்ணெண்ணெய். போத்தலின் ஒரு பக்கத்தில், முன்னொரு காலத்தில் சாய்வாக ஒட்டப்பெற்றிருந்த தாளின் சுவடு மங்கலாகத் தெரியும். “இது துரை பங்களாவிலிருந்து வந்தது” என்று அப்பாயி சற்றுப் பெருமையுடன் சொல்லுவார். துரை அதில் என்ன குடித்தார் என்பதை அப்பாயியும் அறியார், நானும் கேட்டதில்லை.

அந்தப் போத்தல் எனக்கு மீண்டும் நினைவில் எழக் காரணமாயிருந்தவர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர். திருமணம் நிச்சயமாகியிருந்த அவர், சென்ற ஆண்டு ஒரு நாள் பாடசாலைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டே ஒரு வினாவை எழுப்பினார். வருங்கால மாமனாருக்கு ஸ்கொட்லாந்து விஸ்கி ஒரு போத்தல் கொடுக்கவேண்டுமாம். கையிலோ பணம் குறைவு. விடயமோ சிறிதும் தெரியாது. குறைந்த விலையில் நல்லதை எவ்வாறு தெரிந்தெடுப்பது? ஓர் அதிபரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று முதலில் எனக்குச் சினமே வந்தது. மது அருந்தும் வழக்கம் எனக்கில்லை. அருந்துமாறு எவரையும் தூண்டுபவனும் அல்லேன். ஆயினும், வரலாறு கற்பிப்பவனிடம் வந்த கேள்விக்கு வரலாற்றிலிருந்து விடை தேடுவதில் தவறில்லை என்று பின்னர்த் தோன்றிற்று. தேடினேன். தேடியதில் எங்கள் மலைநாட்டின் கதையே கிடைத்தது.

கண்டி இராச்சியத்துக்குக் குடிவகை புதிதன்று. 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளை இம்மலைகளிடையே கழித்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தப்பிச் சென்றபின் 1681இல் வெளியிட்ட நூலிலே கித்துள் மரத்தைப் பற்றியும், அதிலிருந்து இறங்கும் இனிய சாற்றைப் பற்றியும், அதனைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியைப் பற்றியும் எழுதியிருக்கின்றார். தென்னஞ் சாராயமோ கடற்கரைப் பொருள். அது மலைமீது பெருகி ஏறியது 1815இல் கண்டி பிரித்தானியர் வசமான பின்னரேயாம்.

அதன்பின் கோப்பி வந்தது. அபர்டீனைச் சேர்ந்த றொபேட் பொய்ட் டைட்லர் 1837இல் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிச் செய்கை முறையைத் தும்பறைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தார். அவரைத் தொடர்ந்து ஸ்கொட்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலிருந்து இளைஞர் பலர் வந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர் அவருட் பலர்; சிறு விவசாயிகள், கைவினைஞர்கள் ஆகியோரின் மைந்தர்கள். 1852இல் பதினாறு வயதில் வந்த ஜேம்ஸ் டெயிலரும் அத்தகையவரே. 1854இல் தோட்டத் துரைமார் கண்டியிலே தமக்கென ஒரு சங்கத்தையும் நிறுவிக்கொண்டனர்.

இவர்கள் ஸ்கொட்லாந்தினர், ஆகவே வந்த நாள் முதலாய் விஸ்கியே குடித்திருப்பர் என்று நாம் நினைப்போம். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். உண்மை வேறு. அக்காலத்தில் ஆங்கில உலகின் கனவான்களுக்குரிய பானம் பிரெஞ்சுத் திராட்சையில் வடித்த பிராந்தி. விஸ்கி என்பது ஸ்கொட்லாந்துக்கு வெளியே அதிகம் மதிக்கப்படாத, முரட்டுச் சுவையுடைய நாட்டுச் சரக்கு. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை, கோப்பி மூட்டைகளை இறக்கிச் சென்ற மாட்டுவண்டிகளே திரும்புகையில் அரிசியையும் பிராந்தியையும் பியரையும் சாராயத்தையும் மேலே ஏற்றிவந்தன.

அந்தச் சாராயம் யாருக்கு? இங்கே சற்று நின்றுதான் செல்லவேண்டும். குறித்த பிரதேசத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் தவறணைகளைத் திறந்தனர். மலைநாட்டின் தவறணைகளுக்கு நிலையான வாடிக்கையாளராக வாய்த்தோர், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்துவந்த எம் முன்னோர். இந்தக் குத்தகையிலிருந்து இலங்கையரின் பெருஞ்செல்வங்கள் சில எழுந்தன. 1853இல் முதலியார் பட்டம் பெற்ற மொறட்டுவை ஜெரோனிஸ் த சொய்சா, ஹங்குரன்கெத்தவில் அரச தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டுப் பெயர்பெற்றவர். சாராயக் குத்தகையிலும் ஈடுபட்டவர். அரசாங்கத்தின் வருவாயிலும் சாராயத்தின் பங்கு பெரிது. கூலியாய்க் கொடுத்த காசு தவறணை வழியே கருவூலத்துக்குத் திரும்பிச் சென்றது. என் பாட்டனார் சம்பள நாளன்று வீடு திரும்பும் கோலத்தைப் பற்றி அப்பாயி ஒருபோதும் விரித்துச் சொன்னதில்லை. “சம்பள நாள்” என்று சொல்லி நிறுத்திவிடுவார், அவ்வளவே. 1904ஆம் ஆண்டிலும், புதிய மதுவரிச் சட்டம் வந்த 1912ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் வெறும் சமய ஆர்வத்தின் விளைவன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

இனி விஸ்கிக்கு வருவோம். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு நோய்கள் இரு நாடுகளைத் தாக்கின. பிரான்சிலே 1860களில் பைலொக்சரா என்னும் சிறு பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரை அரிக்கத் தொடங்கிற்று. இலங்கையிலே 1869இல் ஒருவகைப் பங்கசு கோப்பி இலையிற் காணப்பட்டது. கொடி அழிந்தமையாற் பிராந்தி அருகியது. கோப்பி அழிந்தமையால் தேயிலை எழுந்தது. டெயிலர் 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தமை மலைநாட்டின் நற்பேறாயிற்று. பிராந்தி விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஸ்கொட்லாந்து விஸ்கியும் அவ்வாறே ஆயத்தமாய் நின்றது.

ஆயத்தமானது எப்படி? 1830இல் ஏனியஸ் கொஃபி என்னும் அயர்லாந்துக்காரர், மதுவரி அதிகாரியாயிருந்து ஓய்ந்தவர், இடைவிடாது வடிக்கும் உயர்ந்த வடிகலம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். (நேயர்கள் மயங்கவேண்டா, இவர் பெயருக்கும் நம் மலைக் கோப்பிக்கும் உறவில்லை.) செப்புப் பானையில் முளைவிட்ட வாற்கோதுமையைக் கொண்டு வடிக்கும் மோல்ட் விஸ்கி மணமும் கனமும் உடையது, விலையும் மிகுதி. கொஃபியின் கலத்தில் ஏனைத் தானியங்களைக் கொண்டு வடிப்பது மென்மையானது, மலிவானது. இரண்டையும் வரி செலுத்துமுன்பே களஞ்சியத்தில் வைத்துக் கலக்க 1860ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது.

கலந்தவர் யார் என்பதுதான் என்னை வியக்கச் செய்தது. பலர் மளிகைக் கடைக்காரர்! கில்மானொக் நகரில் 1820இற் கடை திறந்த ஜோன் வோக்கரும், அபர்டீன் நகரத்துச் சிவாஸ் சகோதரரும் மளிகை வணிகரே. பல தோட்டத்துத் தேயிலையைக் கலந்து, ஆண்டுதோறும் ஒரே சுவை வருமாறு செய்வது மளிகைக் கடையின் தொழில். அந்த நுட்பமே விஸ்கிக்கும் பயன்பட்டது. வோக்கரின் மகன் அலெக்சாந்தர், பெட்டியில் நெருக்கமாய் அடுக்கவும் உடையாமற் செல்லவும் வசதியாகச் சதுரப் போத்தலைக் கொண்டுவந்தார். தாளைச் சாய்வாக ஒட்டினார். அப்பாயியின் மண்ணெண்ணெய்ப் போத்தல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இவ்வளவும் அறிந்தபின் மாணவருக்கு விடை கூறுதல் எளிதாயிற்று. கலப்பு விஸ்கி என்றால் இழிந்தது என்று எண்ணவேண்டா. உலகம் முழுவதும் ஸ்கொட்லாந்து விஸ்கிக்குப் பெயர் தேடித்தந்தது அதுவே. புதியவர் நாவுக்கு இசைவதும் அதுவே. போத்தலில் எண் இருப்பின், கலந்தவற்றுள் மிக இளையதன் வயது அது. எண் இல்லையாயினும், ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்றாண்டு கிடந்திருக்கவேண்டும் என்பது சட்டம். எண்ணுக்காகக் கூடுதற் பணம் கொடுப்பது முதற்போத்தலுக்கு வேண்டாத செலவு. நிறத்தையும் நம்பவேண்டா, கருக்கிய சீனி சேர்க்கச் சட்டம் இடந்தருகின்றது. ஐலா தீவின் விஸ்கி பலவற்றில், முற்றா நிலக்கரியை எரித்து வாற்கோதுமையை உலர்த்துவதால், புகைமணம் மிகும். பழகாதவர் மருந்து என்று ஒதுக்கிவிடுவர். போத்தலில் அடைத்தபின் விஸ்கிக்கு வயது ஏறுவதில்லை. ஆகவே “இருபது ஆண்டு அலுமாரியிற் கிடந்தது” என்று எவரேனும் விலை கூட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். ஸ்கொட்லாந்திலேயே அடைக்கப்பட்டதா, முத்திரை உடையாதிருக்கின்றதா என்று பார்த்து, அனுமதி பெற்ற கடையில் அரைப் போத்தல் வாங்கினாற் போதும். நம் நாட்டில் அதன் விலையிற் பெரும்பகுதி வரியாதலால், முழுப் போத்தல் வாங்கிக் கடன்படுவதில் யாருக்கும் கௌரவம் இல்லை.

மாணவர் அவ்வாறே வாங்கிச் சென்றார். மாமனார் அரை மிடறு சுவைத்து, தண்ணீர் கலந்து மறுபடியும் சுவைத்து, ஹல்மில்ல மரத் தொட்டியில் நெடுங்காலம் கிடந்த தென்னஞ் சாராயத்துக்கு இது ஈடாகாது என்று தீர்ப்புக் கூறினாராம். அந்தத் தீர்ப்பில் தொழில்நுட்ப நியாயம் ஓரளவு உண்டு. மரத்திற் கிடந்து முதிர்வதும், மலிவான வடிசாரத்தோடு கலக்கப்பட்டு விலை இறங்குவதும் இரண்டுக்கும் பொதுவானவை. போத்தல் இப்போது அவர்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்க்குப் பயன்படுகின்றது என்று மாணவர் சொன்னார்.