வாசல் என்றொரு குடும்பப்பெயர்

மகாராஜபுரம் போன்ற நம் ஊர்களில் தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும்; குடும்பப்பெயர் நமக்குப் பழக்கமில்லை. புதுச்சேரித் தமிழரிடையே அது வந்த வரலாறு சிந்திக்கத் தக்கது.

1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, ஐரோப்பியரைப் போலக் காலணியுடன் நீதிமன்றம் சென்றார், தடுக்கப்பட்டார், பாரிஸ் வரை முறையிட்டு வென்றார். சாதி வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்க, 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை வழிவகுத்தது. துறந்தோர் குடும்பப்பெயர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அவர் தேர்ந்தது ‘லாபோர்த்’. வாசல் என்பது அதன் பொருள்.

இவ்வாறு துறந்தோரின் வழித்தோன்றல்கள் இன்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரான்சிலும் அத்தகைய பெயர்களுடன் வாழ்கின்றனர். ஆயினும் சட்டத்தைத் துறந்த பலர் சாதியைத் துறக்கவில்லை.

நாமும் திருமுழுக்கில் புதுப்பெயர் பெறுகிறோம். மணப்பேச்சிலோ பழைய சாதியையே கேட்கிறோம். வாசல் எனப் பெயரிட்டால் போதுமா? திறக்கவும் வேண்டாமா?