பூசை காண உயிரையும் பொருட்படுத்தாதோர்

ஸ்ரீபெரும்பூதூர், ஒரகடம் ஆலைகளில் தொழில் புரியும் நம் சங்கத்து இளைஞர் பலர், இராவேலை முடித்து, உறங்காத கண்களோடு ஞாயிறு பூசைக்கு வருதலைக் கண்டு நாம் மகிழ்ந்ததுண்டு. வேலை இடங்கொடாமையால் வாராதிருப்போரும் உளர். இரு திறத்தாரும் அறியத்தக்க பழஞ்செய்தி ஒன்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். கால்வின் சமயத்தினராகிய அவர், கத்தோலிக்க குருமாரை நாட்டினின்றும் அகற்றினர். குருவுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை விதித்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திவ்விய பலிபூசையும் தேவநற்கருணையும் இன்றி மக்கள் ஏங்கியிருந்தனர்.

இதனைக் கேட்டு மனம் உருகியவர் கோவா நாட்டு யோசேப்பு வாஸ் சுவாமிகள். 1651-இல் பிராமண குலத்திற் பிறந்த இவர், 1687-இல் கூலியாள் கோலம் பூண்டு கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். நோயால் நலிந்த உடலோடு, கழுத்தில் செபமாலை அணிந்து, வீடுதோறும் பிச்சை ஏற்றார். பசி தீர்த்தற்கு மட்டுமன்று. அம்மாலையைக் கண்டு முகம் மலர்வார் யாவரெனத் தேர்தற்காகவுமாம். குலப்பெருமை பேசும் நாம் இவ்விடத்துச் சற்றே நின்று சிந்தித்தல் தகும்.

பின்னர்ச் சில்லாலை என்னும் ஊரில் மறைந்துறைந்து, இரவுகளில் பூசை நிறைவேற்றினார். அக்காலத்து முறைப்படி, நற்கருணை உட்கொள்வோர் நள்ளிரவு முதல் துளி நீரும் பருகலாகாது. 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளிரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தச் சேவகர் வளைத்துப் பிடித்தனர். அபராதமும் கசையடியும் சிறையும் அவர்க்குக் கிடைத்த திருநாட் பரிசு! சுவாமிகள் மட்டும் அகப்படவில்லை. கண்டி நாட்டிற்குச் சென்று, அங்கும் ஒற்றரென்று சிறைப்பட்டு, பின் விடுதலையுற்று, 1711-இல் அந்நகரிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015-இல் பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பு நகரில் இவரைப் புனிதரென அறிவித்தார்.

பிடிபட்ட அவ்வேழைமக்களுள் பெரும்பாலோர் பெயரை இன்று எவரும் அறியார். அப்பத்தின் குணங்களுள் ஆண்டவரே எழுந்தருளியிருக்கிறார் என்ற விசுவாசமே அவர்களை அவ்விரவில் வீட்டை விட்டு வெளிக்கொணர்ந்தது.

நமக்கோ சேவகரும் இல்லை, கசையும் இல்லை. நோன்பு ஒரு மணி நேரமாகக் குறைந்தது. சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிற்றுக் கடனைத் தீர்க்கும். ஆதலின், அன்பர்காள், வேலைமுறையை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொண்டேனும், தனித்திருக்கும் இளைஞரை உடனழைத்துக்கொண்டேனும் பூசைக்கு வருக. இழப்பது சிறிது உறக்கமே.