கணக்கிடும் மனிதரும் கணிப்பொறியும்

கம்ப்யூட்டர் என்றவுடன் நாம் ஓர் இயந்திரத்தையே எண்ணுகிறோம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கிலத்தில் அச்சொல் ஒரு பணியாளரைக் குறித்து வந்தது. நாள் முழுதும் அமர்ந்து கூட்டியும் பெருக்கியும் அட்டவணை தயாரித்தவரே அன்றைய கம்ப்யூட்டர். அந்தப் பணி இயந்திரத்தின் வசமான வரலாறு, கல்வியை நம்பி முன்னேற விழையும் நம் இளைஞர் அனைவரும் அறியத்தக்கது.

பெரிய கணக்கைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, அப்படிகளை வரிசை பிறழாமல் செய்து முடித்தலே கணிப்பின் இயல்பு. பிழைகள் மலிந்திருந்த கணித அட்டவணைகளைச் செம்மையாக்கும் பொருட்டு, இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1822-இல் பற்சக்கர இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். பின்னர் பலவகைக் கணக்குகளையும் செய்யவல்ல மற்றோர் இயந்திரத்தை வகுத்தார், அது முற்றுப்பெறவில்லை. ஆயினும், அவ்வியந்திரம் எண்களோடு நில்லாது இசையையும் இயற்றக்கூடும் என ஏடா லவ்லேஸ் அம்மையார் 1843-இல் எழுதினார். இயந்திரம் ஒன்றே; அதற்கிடும் ஆணைத்தொடர் மாறினால் பயனும் மாறும் என்பதே இதன் உட்பொருள்.

அவ்வாறே நிகழ்ந்தது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பார் துளையிட்ட அட்டைகளின் துணையால் விரைவில் தொகுத்தார். 1946-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் மின்னணு இயந்திரம், பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிக்கவே உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 வால்வுகளும் 30 டன் எடையும் கொண்ட அது, நொடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்தது. முன்பு கையால் கணக்கிட்டு வந்த ஆறு பெண்களே அதற்கு ஆணைத்தொடர் அமைத்தனர். அதே இயந்திரம் 1950-இல் வானிலையைக் கணிக்கப் பயன்பட்டது. 1971-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், நோயாளியின் மூளையை ஊடுகதிர் கொண்டு படமெடுக்கவும் கணிப்பொறி துணைநின்றது.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடும் பகுதி ஒன்றுண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்புத் தொழில்களில் இடம் மறுக்கப்பட்டு வந்தது. தலைநகரில் பேரணி நடத்துவோம் எனத் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் அறிவித்ததன் விளைவாக, 1941-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அப்பாகுபாட்டைத் தடைசெய்தார். அதன்பின் 1943 முதல், வர்ஜீனியா மாநிலத்து லாங்லி வானூர்தி ஆய்வகத்தில் கறுப்பினப் பட்டதாரிப் பெண்கள் கணக்கிடும் பணியில் சேர்ந்தனர். வெள்ளையினப் பெண்கள் செய்த அதே வேலைதான் அவர்களுக்கும். ஆனால் தனி அறை, தனிக் கழிப்பிடம், உணவகத்தில் தனி மேசை.

அவர்களுள் ஒருவரான டாரதி வாகன், கணித ஆசிரியையாக இருந்தவர். 1949-இல் அப்பிரிவின் தலைவரானார். மின்னணு இயந்திரம் வந்தபோது, தம் வேலை போய்விடுமே எனக் கலங்கி அவர் வாளாவிருக்கவில்லை. ஃபோர்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழியைத் தாமே கற்றார். உடன் பணிபுரிந்தோருக்கும் கற்பித்தார். 1958-இல் தனிப்பிரிவு ஒழிந்த பின்னும் அவருக்கு மீண்டும் தலைமைப் பதவி வழங்கப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அங்கு பணிபுரிந்த மற்றொருவர் கேத்தரின் ஜான்சன். 1962-இல் பூமியை வலம்வரப் புறப்பட்ட ஜான் கிளென், இயந்திரம் தந்த எண்களை இவ்வம்மையார் சரிபார்த்தல் வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். 2015-இல் அந்நாட்டின் உயரிய குடிமக்கள் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இளைஞர்களே! கதவைத் திறந்தது போராட்டம். உள்ளே சென்றவர்களை நிலைபெறச் செய்தது கல்வி. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அப்பெண்களின் பெயர் வரலாற்றில் இடம்பெற்றிராது. இயந்திரங்கள் இனியும் மாறும். பழைய வேலைகள் மறையும். அப்போது அஞ்சி ஒதுங்காமல், இயந்திரத்துக்கு ஆணையிடும் கல்வியை நம் ஆண்மக்களும் பெண்மக்களும் முந்திக் கற்றல் வேண்டும். தாம் கற்றதை டாரதி வாகனைப் போல் உடனிருப்போருக்கும் கற்பித்தல் வேண்டும். அதுவே இத்தகைய கல்விச் சங்கத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகும்.