மரை

அடையாறில் தகரப் பெட்டி செய்யும் பட்டறையில் ‘டேப் போடணும்’ என்பார்கள். பாலிடெக்னிக் பாடத்தில் அதுவே ‘உள்மரை வெட்டுதல்’. மரை என்பது திருகாணியின் உடலிலும் நட்டின் உள்ளேயும் சுற்றிச் சுற்றி ஓடும் வரி.

இன்று பலர் இதை ‘மறை’ என்றே எழுதுகிறார்கள். ‘அவனுக்கு மறை கழண்டுபோச்சு’ என்று சினிமா விமர்சனத்தில்கூடப் பார்க்கலாம். மயிலாப்பூரில் மறை என்றால் வேதம், அது கழலாது. கழல்வது இடையின ரகரம் போட்ட மரைதான். ஆணியின் பிடி தளர்ந்தால் இயந்திரம் ஆடுவதுபோல, புத்தி ஆடுகிறதாம்.

சங்கப் பாடல்களில் வரும் மரை வேறு: நெல்லிக்காய் தின்னும் மான் வகை. அதற்கும் பட்டறைக்கும் உறவு கற்பிக்க வேண்டாம். தாமரை தலை இழந்தும் ‘மரை’ ஆகும். அது செய்யுள் வழக்கு.

தகட்டில் மரை பிடிப்பது எளிதல்ல. எம்6 போல்ட்டுக்கு 5 மி.மீ. துளையிட்டு, மரை வெட்டும் கருவியான டேப்பைக் கொஞ்சம் முன்னே திருகி, சற்றுப் பின்னே திருப்பி, வெட்டுப்பட்ட உலோகச் சுருளை முறிக்க வேண்டும். அந்த மரையின் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. உயரம். 1.2 மி.மீ. தகட்டில் ஒரு சுற்றுதான் அமையும். இறுக்கினால் ‘மரை போயிடும்’. அதனால்தான் துளையின் விளிம்பைக் கழுத்துபோல இழுத்துவிட்டு மரை வெட்டுகிறார்கள், அல்லது பின்னால் ஒரு நட்டை வைத்துப் பற்றவைக்கிறார்கள்.

அடுத்த முறை யாரையாவது திட்டி எழுதும்போது, சின்ன ‘ர’ போடுங்கள்.