ஒரு பிளம்ஸ், ரெண்டு பிளம்ஸ்

கோடை சீசனில் கொடைக்கானல் ஏரிச்சாலையில் கூடை வைத்திருக்கும் பெண்கள் ‘பிளம்’ என்று கூவுவதில்லை. ஒன்றானாலும் பிளம்ஸ், ஒரு கிலோவானாலும் பிளம்ஸ். “ஒரு பிளம்ஸ் தின்னு பாருங்க சார், இனிக்குதான்னு!”

ஆங்கிலத்தில் பன்மையைக் காட்டும் கடைசி ‘ஸ்’, மலையேறியதும் வேலையை இழந்து சொல்லின் உடம்போடு ஒட்டிக்கொண்டது. வேற்றுமை உருபும் அதன் மேல்தான் ஏறும்: பிளம்ஸை, பிளம்ஸுக்கு, பிளம்ஸில். பக்கத்துக் கூடையின் பட்டர் பீன்ஸுக்கும் இதே கதை. “பீன்ஸ் வெந்துடுச்சு” என்பதில் வினை ஒருமை, யாருக்கும் உறுத்தாது.

காரணம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் சரி. அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ கட்டாயமில்லை. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். எண்ணிக்கையைச் சொல்லாத பெயர்களுக்குப் பழகிய காது, அந்நிய ‘ஸ்’ஸை ஏன் சந்தேகிக்கப் போகிறது?

தமிழர் மட்டும் செய்த வேலையுமல்ல இது. பெலாருஸ் மொழியில் ‘கெக்ஸ்’ என்றால் ஒரு கேக். ஆங்கில ‘கேக்ஸ்’தான் மூலம். பல கேக்குகளுக்குத் தம் பன்மை விகுதியையும் சேர்த்து ‘கெக்ஸி’ என்கிறார்கள். பிளம்ஸுக்கு அந்த இரட்டைச் சுமை இல்லை. ‘பிளம்ஸ்கள்’ என்று சந்தையில் யாரும் கேட்பதில்லை.

அதே சந்தையின் பேரிக்காய் வேறு ரகம். எவ்வளவு பழுத்தாலும் பெயரில் அது காய்தான்.