மானியமும் மாணவர் கட்டணமும்

இந்தியாவில் மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும் அரசு மானியம் பெறுவதற்கான பொது விதிகளை, சார்லஸ் வுட் 1854இல் லண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கை வகுத்தது. மானியம் பெறும் நிறுவனத்தை அரசு ஆய்வாளர் பார்வையிடுவார். ஆயினும் அங்குப் போதிக்கப்படும் சமயக் கோட்பாடுகளை அவர் கருத்திற் கொள்ளலாகாது. திருச்சபை வரலாறுகளில் பெரிதும் பேசப்படுவது இவ்விதியே. அதனருகே நின்ற வேறொரு நிபந்தனை அத்துணைக் கவனம் பெறவில்லை. மானியம் நாடும் பள்ளி, எவ்வளவு சிறிதாயினும், மாணவரிடம் கட்டணம் வாங்கவேண்டும் என்பதே அது. இலவசக் கல்வியை மக்கள் மதியார், கட்டணம் செலுத்துவோரே ஒழுங்காய் வருவர் என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். கூலிக்காரனின் காலணா லண்டன் மேசையிலிருந்து சிறிதாகவே தோன்றியிருக்கும்!

ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகள் பட்டதாரிகளாவதைவிட உபாத்தியாயர்களாவது எளிதாயிருந்ததற்கு இவ்விலக்கும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு.

1882இல் அமைந்த ஹண்டர் ஆணையத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் உறுப்பினராயிருந்தார். உதவிபெறும் நிறுவனங்கள், அருகிலுள்ள அரசு நிறுவனத்தின் அளவுக்குக் கட்டணம் வாங்கவேண்டியதில்லை என்று ஆணையம் பரிந்துரைத்தது. கட்டணம் குறையலாயிற்றேயன்றி நீங்கவில்லை.

இன்று தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றில் உதவிபெறும் வகுப்பும் சுயநிதி வகுப்பும் ஒரே வளாகத்தில் நடைபெறுகின்றன. முன்னதன் ஆசிரியருக்கு அரசு ஊதியமளிக்கிறது. பின்னதன் ஆசிரியரின் ஊதியம் மாணவரின் கட்டணத்திலிருந்தே வருகிறது. அன்று கட்டணம் வாங்கச் சொன்னது அரசு. இன்று அத்தொகையை முடிவுசெய்யும் கூட்டத்தில் திருச்சபையின் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கின்றனர்.